நவராத்திரி மாதம்: கோலாலம்பூரில் எங்கே போய்ப் பாட்டுக் கேட்கலாம்?

நவராத்திரி வந்துவிட்டால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஒன்பது ராத்திரியும் ஊரில் ஏதாவது ஒரு மூலையில் மிருதங்கம் கேட்டுக்கொண்டிருக்கும், டிக்கெட் கிடையாது, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால் போதும். அதனால் இந்த மாதம் நேரடி இசை கேட்க எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில், பக்கத்துக் கோயிலுக்குப் போங்கள். காசு கொடுத்துப் போகிற இடங்களையும் சொல்கிறேன், ஆனால் அவையெல்லாம் அப்புறம்.

போன வருடம் செந்தூலில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயிலில் ஐந்தாம் நாள் கச்சேரி. பாடிய பெண்ணுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். சாயங்காலம் நல்ல மழை, கதவெல்லாம் திறந்து கிடந்ததால் மண்டபம் முழுக்க ஈரக்காற்று. மிருதங்கம் வாசிக்க வந்த தம்பி ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இடப்பக்கத் தோலான தொப்பியில் அப்பி, தட்டிப் பார்த்தான், சரியாக இருந்தது. வலப்பக்கத் தோலான வலந்தலையைத் தட்டினான், சுருதி இறங்கிப் போயிருந்தது. ஈரம் பட்டால் தோல் தளரும், நம் ஊரில் மிருதங்கக்காரர்களுக்கு இது தீராத தொல்லை. அவன் மிருதங்கத்தை நிமிர்த்தி வைத்து, கல்லையும் கட்டையையும் எடுத்து, விளிம்பைச் சுற்றி மேலிருந்து ஒவ்வொரு கண்ணாகத் தட்டிக்கொண்டே வந்தான். தட்டுவான், காதைக் கிட்டே கொண்டுபோவான், சுருதிப்பெட்டியோடு ஒத்துப் பார்ப்பான், மறுபடி தட்டுவான். நாலைந்து நிமிடம் ஆனது, யாரும் முணுமுணுக்கவில்லை. பாட்டிமார்கள் சம்மணம் போட்டுக்கொண்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தலையை ஆட்டினான், அந்தப் பெண் கல்யாணி ராக ஆலாபனையைத் தொடங்கினாள். அரைமணி நேரம் அதிலேயே இருந்தாள். எந்தப் பெரிய மேடையிலும் எனக்கு இப்படி ஒரு கல்யாணி கிடைத்ததில்லை, மனதாரச் சொல்கிறேன்.

கோயில் கச்சேரியில் ஒரே குறை ஒலிபெருக்கி. சின்ன மண்டபத்துக்கு நாலு பெட்டி வைத்து முழுசாகத் திறந்துவிட்டால் வயலின் கிரீச்சென்று காதைக் குத்தும். அதனால் பெட்டிக்கு நேர் எதிரே உட்காராதீர்கள், பக்கவாட்டில் தூணோரமாக, பாடுகிறவர்களுக்குக் கிட்டத்தில் இடம் பிடியுங்கள். வாத்தியத்தின் சொந்தச் சத்தம் அங்கேதான் காதில் விழும். நாதஸ்வரம், தவில் என்றால் மைக்கே தேவையில்லை, நேராக எதிரே நின்று கேட்கலாம். எந்தக் கோயிலில் எந்த நாள் யார் பாடுகிறார்கள் என்பதை நுழைவாயிலில் ஒட்டியிருக்கும் உபயப் பட்டியலைப் பார்த்தோ அலுவலகத்தில் கேட்டோ தெரிந்துகொள்ளுங்கள். கச்சேரி பூஜைக்கு முன்னாலா பின்னாலா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

இன்னொன்று, பலருக்கு இது தோன்றுவதில்லை. ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜைக்கு வாத்தியங்களைச் சாமி முன்னால் வைத்து, பொட்டு வைத்து, பூப்போட்டு விடுவார்கள், அன்று பலர் தொடவே மாட்டார்கள். மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுப்பார்கள். தெரிந்த இசை ஆசிரியர் யாராவது இருந்தால் அன்று காலை அவர் வீட்டுக்கோ வகுப்புக்கோ அனுமதி கேட்டுப் போய் உட்காருங்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து முதல்முறையாக மாயாமாளவகௌளை ராகத்தில் ஸ ரி க ம சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? ஒரு குழந்தை ‘க’வில் நின்றுவிடும், டீச்சர் பொறுமையாகத் திரும்பப் பாடுவார், மறுபடி வரும். எனக்கு ஒவ்வொரு வருடமும் கண் கலங்கும்.

சரி, அரங்கங்களுக்கு வருவோம். முதலில் பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கிற டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிவைத்தது. வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்கம், நடனம் என்று தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகள் கற்றுக்கொண்ட இடம். அங்கேயே சொந்த அரங்கம் இருக்கிறது, மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து மேடையேறுகிற நிகழ்ச்சி என்றால் யோசிக்காமல் போங்கள், ஒத்திகை பார்த்துப் பார்த்துச் செய்திருப்பது முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும். கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தே போகலாம். புரட்டாசி விரதக்காரர்களுக்கு அங்கேயே அன்னலட்சுமி சைவ உணவகம் இருக்கிறது, நிகழ்ச்சிக்கு முன்னால் பசியாறிவிடுங்கள், பின்னால் என்றால் கூட்டமாகிவிடும். பினாங்குக்காரர்கள் இதற்காகக் கோலாலம்பூர் வர வேண்டியதில்லை, இதே டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அங்கேயும் உண்டு.

செந்தூல் பார்க்கில் இருக்கிற கோலாலம்பூர் நிகழ்கலை மையமான கேஎல்பேக் எனக்குச் சொந்த வீடு மாதிரி. 2005இல் நாடக, இசை அரங்கமாகத் திறந்தார்கள், அதற்கு முன்னால் அது செந்தூல் ரயில்வே பட்டறையைச் சேர்ந்த பழைய செங்கல் கட்டடம். என் தாத்தா அந்தப் பட்டறையில் பிட்டராக வேலை பார்த்தவர். இரும்பு அடிக்கிற சத்தத்திலேயே இருந்து ஓய்வு பெறும்போது அவருக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது செல்லோ வாசிப்பதைக் கேட்க உட்காரும்போதெல்லாம் அவர் நினைப்புத்தான் வரும். பெரிய அரங்கத்தில் ஏறத்தாழ 500 இருக்கைகள், சின்னதில் 200க்குள். அரங்கத்துக்கென்றே ஓர் இசைக்குழு இருக்கிறது. மேடைக்கும் உங்களுக்கும் நடுவே தூரமே இல்லாததால் வில் கம்பியில் உரசுகிற சத்தம் வரை கேட்கும். சின்ன அரங்கத்தில் ஏதாவது இசை நிகழ்ச்சி போட்டிருந்தால், யார் என்று தெரியாவிட்டாலும் போய்ப் பாருங்கள். ரயிலில் வந்தாலும் கடைசியில் ஒரு கிராப் எடுத்துவிடுவது நல்லது, ராத்திரியில் பூங்காவுக்குள் நடக்க வேண்டாம்.

டேவான் பிலார்மோனிக் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கிறது. 1998 ஆகஸ்ட் 17 அன்று திறந்த அரங்கம், மலேசிய பிலார்மோனிக் இசைக்குழுவின் முதல் கச்சேரியும் அன்றுதான். நம்மவர்கள் பலர் கீழே சூரியா மாலில் சுற்றிவிட்டு இங்கே எட்டிப் பார்க்காமலே திரும்பிப் போவது எனக்கு வருத்தம்தான். மேற்கத்திய சாஸ்திரிய இசை நமக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள், ஆலாபனையில் அரைமணி நேரம் உட்காரத் தெரிந்தவருக்குச் சிம்பொனியில் உட்காருவது கஷ்டமே இல்லை. ஏறத்தாழ 900 பேர் உட்காரலாம், மைக் இல்லாமலே பின்வரிசை வரை கேட்கும், அதுதான் இந்த அரங்கத்தின் சிறப்பு. விலை குறைந்த இருக்கையிலேயே முதலில் போய்ப் பாருங்கள். கொஞ்சம் நன்றாக உடுத்திக்கொண்டு போங்கள், சிலிப்பர் வேண்டாம். தாமதமாகப் போனால் இடைவெளி வரும்வரை வெளியேதான் நிற்க வேண்டும், கேஎல்சிசி எல்ஆர்டியிலிருந்து மாலுக்குள் நடந்து வரவே பத்து நிமிடம் ஆகும், கணக்குப் போட்டுக் கிளம்புங்கள்.

ஜாஸ் பிடிக்கும் என்றால் ஜாலான் மெசுயில் நோ பிளாக் டை. அதுவும் 1998இல் தொடங்கியதுதான், ஒரு பியானோ கலைஞர் நடத்தும் இடம். மேஜையை முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். பாட்டு நடக்கும்போது பேசாமல் கேட்கிற கூட்டம் அது.

அப்புறம் பெரிய சினிமா இசை நிகழ்ச்சிகள். சென்னையிலிருந்து வருகிற கலைஞர்களை நேரில் பார்க்க ஆசை இருக்கும், அது நியாயமான ஆசை, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவை அப்படி ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போய் மனம் நொந்து திரும்பினேன். ஆளுக்கு முந்நூற்றுச் சொச்சம் வெள்ளி, தரையில் போட்ட நாற்காலி, எங்களுக்கு முன்னால் சவுண்டு மேஜைக்காக எழுப்பிய மேடை. அம்மா மூன்று மணி நேரமும் திரையைத்தான் பார்த்தார். திரையில் வாய் அசைந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் பாட்டு வந்தது. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், மேடை நூறு மீட்டர் தள்ளி இருந்தால் கால் நொடிக்கு மேல் பிந்தும், நடுவில் பெட்டி வைத்துச் சரி செய்யாவிட்டால் அப்படித்தான் கேட்கும். டிக்கெட் விற்றபோது வரைபடத்தில் அந்தச் சவுண்டு மேஜை மேடையையே காட்டவில்லை, ஏற்பாட்டாளர்களுக்கு எழுதிக் கேட்டதற்கும் பதில் வரவில்லை. அதனால் டிக்கெட் எடுக்கும்போது சவுண்டு மேஜை எங்கே வரும் என்று கேட்டுவிட்டு எடுங்கள். தரையில் பின்வரிசையைவிட, மேடைக்குப் பக்கவாட்டில் இருக்கிற கீழ்த்தட்டு இருக்கை எவ்வளவோ மேல், பல நேரம் விலையும் குறைவு.

எங்கள் கோயிலில் இந்த வருடமும் ஐந்தாம் நாள் அதே பெண்தான் பாடுகிறாள், உபயப் பட்டியலில் பார்த்தேன். மிருதங்கத்துக்கும் அதே தம்பிதான். அம்மாவோடு ஏழு மணிக்கே போய் இடப்பக்கத் தூணோரம் உட்கார்ந்துவிடப் போகிறேன், அவன் ரவை பிசைகிறதிலிருந்து பார்க்க வேண்டும்.