குன்னூரில் கழற்றும் முன் அளந்து பார்க்கிற ஒரு லேப்டாப் கடை

கோத்தகிரியில் ஜனவரி ராத்திரி, வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்திருக்கிற குளிரில், லேப்டாப் மட்டும் அடிப்பக்கம் கை வைக்க முடியாதபடி கொதித்தது. "இந்த ஊர்க் குளிருக்கு அது எப்படிச் சூடாகும்?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். சூடாகும், நன்றாகவே சூடாகும். நான் வீட்டிலிருந்து கணக்கு எழுதுகிறவள், எக்செல்லும் டாலியும் திறந்திருக்கும்போது ஒரு வீடியோ கால் வந்தால் போதும், ஃபேன் இரைச்சலில் எதிரில் பேசுகிறவர் குரல் கேட்காது, அப்புறம் எல்லாம் நின்று நின்று ஓடும்.

முதலில் கோயம்புத்தூரில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். ஐந்து நிமிஷம் தடவிப் பார்த்துவிட்டு மதர்போர்டு போய்விட்டது, 9,000 ரூபாய் ஆகும் என்றார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் மாடியில் இருக்கிற இந்தக் கடையைப் பக்கத்து வீட்டு அண்ணன்தான் சொன்னார். சின்ன அறை, ஒரே ஒரு தம்பி. ஸ்க்ரூ டிரைவரை அவர் தொடவே இல்லை, முதலில் கேட்டது, "அக்கா, எங்க வச்சு வேலை பார்ப்பீங்க?" என்றுதான். கட்டிலில், கம்பளி மேல் என்றேன். தலையாட்டிக்கொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பின்னால் ஏதாவது ப்ரோகிராம் ப்ராசசரைத் தின்றுகொண்டிருக்கிறதா என்று பார்த்தார். அப்படி எதுவும் இல்லை. அப்புறம் சூட்டையும் வேகத்தையும் அளந்து காட்டுகிற ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற ப்ரோகிராமைப் போட்டு, திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

சும்மா இருக்கும்போதே 68 டிகிரி. என்னுடையது இன்டெல் ஐ5 8250யு, அதற்கு உச்ச வரம்பு 100 டிகிரி, அதைத் தொட்டால் ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துவிடும். அவர் முழு லோடு கொடுத்ததும் நாலைந்து விநாடியில் 99க்குப் போய், மூன்று கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடியது 1.1க்கு விழுந்தது. "மெதுவா ஏறி நின்னா தூசி, ஃபேன்னு சொல்லலாம். இப்படி ஒரே தாவா தாவினா சிப்புக்கும் அதோட சூட்டை இழுத்துக்கிற ஹீட் சிங்குக்கும் நடுவுல பிடிப்பே இல்லைன்னு அர்த்தம். இதப் பாருங்க, ஒரு கோர் 99, இன்னொண்ணு 86. ரெண்டுக்கும் நடுவுல சூட்டைக் கடத்தத் தடவுற பேஸ்ட் ஒரு பக்கம் காஞ்சிருக்கும்." அடுத்து ஒரு டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து காற்று வெளியேறும் ஓட்டைக்கு நேராகப் பிடித்தார். ஃபேன் அத்தனை சத்தமாக ஓடுகிறது, காகிதம் லேசாகத்தான் அசைந்தது. ஆக இரண்டு கோளாறும் இருக்கிறது, மதர்போர்டில் ஒன்றும் இல்லை. இவ்வளவும் கழற்றுவதற்கு முன்னால்!

திறந்து காட்டியபோது எனக்கே அதிர்ச்சி. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி நூலும் தூசியும் சேர்ந்து, சாம்பல் நிறத்தில் ஒரு துணி மாதிரியே படிந்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தார், முழுசாக உரிந்து வந்தது. வெளியிலிருந்து எவ்வளவு ஊதினாலும் இது போகாதாம். ப்ராசசர் மேல் இருந்த பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி பொருக்குத் தட்டியிருந்தது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, அரிசி அளவு புது பேஸ்ட் வைத்து, ஸ்க்ரூக்களைப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிற 1, 2, 3, 4 வரிசைப்படியே கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். ஒரே மூலையை முதலில் இறுக்கிவிட்டால் ஹீட் சிங்க் சாய்ந்து உட்காருமாம்.

திரும்ப அதே லோடு, பத்து நிமிஷம். 78 டிகிரியில் நின்றது, சும்மா இருக்கும்போது 45. முன்னால் எடுத்த கிராஃபையும் பின்னால் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் 600 ரூபாய் வாங்கினார். எந்தக் கடையிலும் எனக்கு இப்படி யாரும் காட்டியதில்லை.

மலைக் காற்றைப் பற்றியும் கேட்டேன். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு, அதனால் அதே வேகத்தில் ஃபேன் சுற்றினாலும் வெளியே தள்ளுகிற காற்றின் எடை குறைவாம். ஊர்க் குளிர் அதை ஈடுகட்டிவிடும், ஆனால் கம்பளி மேல் வைத்து அடிப்பக்க ஓட்டையை அடைத்துவிட்டால் எந்தக் குளிரும் உதவாது என்றார். இப்போது அடியில் ஒரு பலகை வைத்துத்தான் வேலை பார்க்கிறேன்.

குறையும் சொல்ல வேண்டும். பில் கேட்டால்தான் கிடைக்கும், அதை அவர் கட்டாயம் மாற்றிக்கொள்ள வேண்டும். படிக்கட்டு செங்குத்து, வயதானவர்களுக்குச் சிரமம். ஆள் ஒருவரே என்பதால் சனிக்கிழமை போனால் கூட்டத்தில் நிற்க வேண்டியதுதான், வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள், நான் இரண்டு மணி நேரத்தில் கையோடு வாங்கிக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்கே கோத்தகிரி திரும்பிவிட்டேன்.