செங்கல் கணப்புக்குள் பெல்லட் அடுப்பு: ஆறு குளிர்காலத்துக்குப் பிறகு

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் கூடத்தில் பெரிய செங்கல் கணப்பு இருந்தது. விறகு எரித்தால் பார்க்க அழகு. ஆனால் சூட்டில் பெரும்பகுதி கூரைக்கு மேலே போய்விடும். அதனால் 2018-இல், கணப்புக்குள்ளேயே செருகி வைக்கிற பெல்லட் அடுப்பு ஒன்றை வாங்கினோம். பெல்லட் என்றால் மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன உருளைகள்.

அடுப்பு நல்ல அடுப்பு. தலைவலி குழாயில்தான். பொருத்த வந்தவர் 4 அங்குலப் புகைக்குழாயை டேம்பருக்கு (புகைபோக்கியின் அடிவாயைத் திறந்து மூடுகிற தகடு) மேலே கொஞ்சம் நீட்டி விட்டுவிட்டு, மிச்சத்தைப் புகைபோக்கி பார்த்துக்கொள்ளும் என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். காற்று பலமாக அடிக்கிற நாளெல்லாம் வீட்டுக்குள் புகை வாடை. மார்ச்சில் டார்ச் அடித்துப் பார்த்தால், டேம்பருக்குப் பின்னால் சாம்பல் நனைந்து சேறு மாதிரி கிடந்தது.

பெல்லட் புகையில் விறகுப் புகை அளவுக்குச் சூடு கிடையாது; அதை வெளியே தள்ளுவது ஒரு சின்ன மின்விசிறி. அவ்வளவு அகலமான, சில்லிட்ட செங்கல் கூட்டுக்குள் விட்டால் பாதி வழியிலேயே ஆறி, ஈரத்தையும் சாம்பலையும் அங்கேயே உதிர்த்துவிடுகிறது.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு இரவு மின்சாரம் போய் விசிறி நின்றது. எரிந்துகொண்டிருந்த பெல்லட்டின் புகை வீட்டுக்குள் திரும்பி, கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. தூங்குகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தோம்.

கோடையில் வேறு ஆளை வைத்து, அதே 4 அங்குலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளைகுழாயைப் புகைபோக்கி உச்சியிலிருந்து அடுப்பு வரை, 24 அடிக்கு, இறக்கினோம். மேலே ஒரு தொப்பி. டேம்பர் இருந்த இடத்தைத் தகடு அடித்து மூடி, மேலே கல்கம்பளி (சூட்டைத் தாங்கும், பஞ்சு மாதிரியான காப்புப் பொருள்) திணித்தோம். ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி! ஆனால் வாடை அன்றோடு நின்றது. அப்புறமும் இரண்டு தடவை மின்சாரம் போனது. சூடாக இருந்த நெடுங்குழாய் புகையைத் தானாகவே மேலே இழுத்துக்கொண்டது. அலாரம் வாய் திறக்கவில்லை. இருந்தாலும் இப்போது ஒரு பேட்டரி பேக்கப்பும் வைத்திருக்கிறேன்.

மீதியிருக்கும் ஒரே எரிச்சல் சுத்தம் செய்வது. சாம்பல் சேர்கிற டி-இணைப்பு (T வடிவக் குழாய்த் துண்டு) அடுப்புக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. அடுப்பைச் சறுக்கி வெளியே இழுக்கிற தண்டவாளம் எங்கள் மாடலுக்குக் கிடையாது. வருடா வருடம் ஏப்ரலில் இரண்டு பேர் சேர்ந்து அடுப்பை வெளியே இழுத்து, மூடியைக் கழற்றி, பிரஷ் விட்டு, இணைப்புக்கு மறுபடி சிலிக்கோன் பூசி உள்ளே தள்ளுகிறோம். வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே கேட்டுவிடுங்கள்: இழுத்தால் வருமா, தூக்கினால்தான் வருமா?