ஏற்காடு ஏற்றத்துக்கு 30 பல் ஸ்டீல் செயின்ரிங்: ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது

என் மலைச் சைக்கிளோடு வந்த 32 பல் அலுமினிய செயின்ரிங் (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்) தேய்ந்துபோனதும், அதன் இடத்தில் 30 பல் ஸ்டீல் ரிங் போட்டேன். ஒரு கோடை, ஒரு ஐப்பசி கார்த்திகை மழை, மறுபடியும் ஒரு கோடை என்று ஓடிவிட்டது. சேலத்திலிருந்து அடிக்கடி ஏற்காடு ஏறுகிறவருக்கு இது காசுக்குத் தகுந்த மாற்றம். சமதளமான ஓமலூர் ரோட்டோடு நின்றுவிடுகிறவருக்கு வெட்டிச் செலவு.

என்னுடையது 29 இன்ச் ஹார்டுடெயில், அதாவது பின்னால் சஸ்பென்ஷன் இல்லாதது. முன்னால் ஒரே ஒரு ரிங், பின்னால் 11 ஸ்பீடு, 11-42 கேசட் (11 பல்லிலிருந்து 42 பல் வரையான பல்சக்கர அடுக்கு). கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) 104 பிசிடி, அதாவது ரிங்கைப் பிடிக்கும் நான்கு போல்ட்டும் உட்காரும் வட்டத்தின் விட்டம் 104 மில்லிமீட்டர்.

பழைய ரிங் கண்ணுக்கு அப்படியொன்றும் மோசமாகத் தெரியவில்லை. புதுச் செயின் போட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. ஏற்றத்தில் கரகரவென்று சத்தம். சேறு ஒட்டிய நாட்களில் ரிங்கின் கீழ்ப்பல்லை விட்டுப் பிரியாமல் செயின் மேலேயே சுற்றிக்கொண்டு வந்தது. "செயினு புதுசுங்கண்ணா, பல்லு பழசு. ரெண்டும் எப்படிச் சேரும்?" என்றார் மெக்கானிக் தம்பி. இப்போதைய ஒற்றை ரிங்குகளில் ஒரு பல் தடிமன், அடுத்தது மெலிசு என்று மாறி மாறி வரும். செயினின் அகலமான இடைவெளியில் தடிமன் பல்லும், குறுகிய இடைவெளியில் மெலிசுப் பல்லும் சரியாக உட்கார்வதால்தான் முன் டீரெயிலர் (செயினை ரிங்குக்கு ரிங் மாற்றும் கருவி) இல்லாமலேயே செயின் கழலாமல் நிற்கிறது. ஸ்ராம் கம்பெனி 2012-இல் எக்ஸ்எக்ஸ்1 கியர் செட்டோடு கொண்டுவந்த ஏற்பாடு இது. ஆகவே பல்லின் நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. தடிமன் பல் பக்கவாட்டில் மெலிந்து, பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் குறைந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

பல் எண்ணிக்கையைத்தான் ரொம்ப யோசித்தேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். குத்தான ஏற்றம் என்று சொல்ல முடியாது, ஆனால் மூச்சு வாங்கிக்கொள்ள இடம் தராமல் ஏறிக்கொண்டே போகும். கால் சோர்ந்த பிறகு 32-42 கியரில் (முன்னால் 32 பல், பின்னால் 42) நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6.3 கிலோமீட்டர் போகலாம். 30 பல்லில் அதே வேகத்துக்கு 64 சுற்று வேண்டும். நான்கு சுற்றுதானே என்று தோன்றும். பெடலில் அழுத்தம் 6 சதவீதம் குறைகிறது. கீழே தெரியாத அந்த வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு வளைவுக்கு மேல் முழங்காலில் தெரியும். எஸ்டேட் மண்பாதையில் இன்னும் தெளிவு. சில்வர் ஓக் சருகு மூடிய ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின் டயர் வழுக்கும். உட்கார்ந்தபடியே மிதிக்க 30 விடுகிறது.

ஆனால் பல் குறைந்தால் தேய்மானம் கூடும். அதே வேகத்துக்கு ஒவ்வொரு பல்லும் கூடுதல் தடவை செயினை இழுக்க வேண்டும். நின்று மிதிக்கும்போது அதே கால்பலத்துக்குச் செயினில் ஏறும் இழுவையும் 6-7 சதவீதம் அதிகம். இதோடு நம் மலை மண்ணும் சேர்கிறது. அதில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகள் எண்ணெயோடு குழைந்து செயினில் ஒட்டினால் உப்புத்தாள்தான். அதனால்தான் 30 என்று முடிவானதுமே ஸ்டீல் என்பதும் முடிவாகிவிட்டது. ஒரு வேடிக்கை: மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையிலிருந்தும் பாக்சைட் (அலுமினியத் தாது) போனது. அலுமினியம் கொடுத்த மலையே அலுமினியப் பல்லைத் தின்கிறது. உருக்காலை இருக்கிற ஊர்க்காரன் ஸ்டீல் பக்கம் சாய்ந்ததை ஊர்ப்பாசம் என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

வாங்கும்போது பிசிடியைப் படத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். நான்கு போல்ட்டும் சம இடைவெளியில் இருந்தால், பக்கத்துப் பக்கத்து போல்ட் இரண்டின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளந்து பாருங்கள். 73.5 மில்லிமீட்டர் வந்தால் 104 பிசிடி. ஷிமானோவின் 96 பிசிடி கிராங்க்குகள் பலவற்றில் இடைவெளி சமமாக இருக்காது. அதற்குத் தனி ரிங். போல்ட்டே இல்லாமல் கிராங்க்கில் நேராகப் பொருத்தும் வகை என்றால் எந்தக் கம்பெனியின் பொருத்தம், எத்தனை மில்லிமீட்டர் ஆஃப்செட் (ரிங் உள்பக்கம் தள்ளி நிற்கும் அளவு) என்பதையும் கேட்க வேண்டும். ஸ்ராமில் பூஸ்ட் என்கிற அகலமான ஹப் உள்ள வண்டிக்கு 3, பழைய அகலத்துக்கு 6.

104 பிசிடியில் 30-க்குக் கீழே இறங்க வழியில்லை. 30-க்கே இடம் நெருக்கடிதான். பின்னால் நட்டு வைக்க இடமில்லாததால் போல்ட்டுக்கான மரையை ரிங்கிலேயே வெட்டியிருப்பார்கள். பழைய நட்டுகள் உதவாது, போல்ட்டின் நீளமும் வேறு. ரிங்கோடு போல்ட் வருகிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். செயினை நான் வெட்டவில்லை. இரண்டு பல் குறைந்தால் அரை இன்ச்தான் மிச்சம். செயினை ஒரு இன்ச்சுக்குக் குறைவாகக் குறைக்க முடியாது. செயினை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் உள்ள பின் டீரெயிலர் அந்தத் தொய்வை இழுத்துக்கொண்டது.

இத்தனை ஓட்டத்துக்குப் பிறகு தடிமன் பல், மெலிசுப் பல் வித்தியாசம் இன்னும் தெளிவாக இருக்கிறது. நுனியில் பளபளப்பு, வளைவு இல்லை. செயின் ஒருமுறைகூடக் கழலவில்லை. செயின் அளவுகோலில் 0.5 (அரை சதவீத நீட்சி) காட்டியதுமே செயினை மாற்றிவிடுகிறேன், அதற்கும் இதில் பங்குண்டு.

குறை இல்லாமல் இல்லை. எடை அதிகம், கையில் வைத்தாலே தெரியும். ஓட்டும்போது நான் உணரவில்லை. மழை நாளில் துடைக்காமல் விட்டால் போல்ட்டைச் சுற்றித் துரு ஏறுகிறது. பெரிய குறை இறக்கம் முடிந்த பிறகுதான்: அடிவாரத்திலிருந்து கோரிமேடு நோக்கி வரும்போது 30-11 கியரில் 90 சுற்று மிதித்தாலும் மணிக்கு 34 கிலோமீட்டருக்கு மேல் போகாது. 32 பல்லில் 36 வரும். கூட வருகிறவர்கள் தாண்டிப் போவார்கள்.

நீள்வட்ட ரிங்கை நண்பரின் வண்டியில் ஓட்டிப் பார்த்தேன். கால் பலமாக அழுத்தும் இடத்தில் பெரிய பல் மாதிரியும், மேலும் கீழும் பலமில்லாத இடத்தில் சின்னப் பல் மாதிரியும் நடந்துகொள்ளும். உட்கார்ந்து ஏறும்போது எனக்குப் பிடித்தது. என் கிராங்க்குக்கு ஸ்டீலில் கிடைத்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

12 ஸ்பீடு, 10-51 கேசட் வைத்திருப்பவர்கள் எதற்கும் அவசரப்பட வேண்டாம். உங்கள் 32-51 கியரின் விகிதம் 0.63, நான் செலவு செய்து அடைந்த 30-42 கியருக்கு 0.71. ஏற்கனவே என்னைவிட இலகுவான கியரில்தான் இருக்கிறீர்கள். தேய்ந்தால் அதே 32-ஐ ஸ்டீலில் வாங்குங்கள். ஷிமானோ 12 ஸ்பீடு செயின் என்றால், அந்தச் செயினுக்கென்றே வெட்டிய பல்லா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.