கோடி, ஜெல்லிஃபின், பெரிய திரை: பல வருடம் பயன்படுத்திய பிறகு

வீட்டில் மீடியா சென்டர் அமைத்தவரிடம் முதல் மாதத்தில் கருத்துக் கேட்கவே கூடாது. அப்போது எல்லாமே அழகாகத்தான் தெரியும். போஸ்டர்கள் வரிசையாக நிற்கும், பின்னணிப் படம் தானாக மாறிக்கொண்டிருக்கும், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ரிமோட்டை எடுத்துக் காட்டத் தோன்றும். மென்பொருளின் குணம் தெரிய வேண்டுமென்றால் சில பெரிய அப்டேட்டுகளைக் கடந்திருக்க வேண்டும், ஒரு ஹார்ட் டிஸ்க்காவது செத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், இந்த விஷயங்களில் துளியும் ஆர்வமில்லாத ஒருவர் அதே வீட்டில் தினமும் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். இங்கே எல்லாம் நடந்தாகிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

இப்போதைய ஏற்பாடு இதுதான். ஒரு சின்ன மினி பிசியில், வீட்டுப் படங்களை மற்றச் சாதனங்களுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் சர்வர் ஓடுகிறது. படங்கள், தொடர்கள், பாட்டு, குடும்ப வீடியோக்கள் எல்லாம் அதோடு இணைந்த டிஸ்க்குகளில். டிவிக்குப் பின்னால் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி, அதில் கோடியை ஓட்டுவதற்கென்றே உள்ள லிப்ரெஎலெக் இயங்குதளம், அதற்குள் கோடி. சந்தா கட்டிப் பார்க்கும் ஸ்ட்ரீமிங் ஆப்களுக்கு மட்டும் தனியாக ஒரு பெட்டி. அதாவது ஒரே டிவிக்கு இரண்டு வாசல். இரண்டையும் ஒரே மெனுவுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்றுதான் ஆரம்பத்தில் எனக்கும் ஆசை. அந்த ஆசையைக் கைவிட்ட பிறகுதான் வீட்டில் நிம்மதி வந்தது.

கோடியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: 2002-ல் முதல் தலைமுறை எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகப் பிறந்த ஒரு வீடியோ பிளேயர் அது. எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014-ல் வெளிவந்த 14-ஆம் பதிப்பில் கோடி ஆனது. சோபாவில் உட்கார்ந்து தூரத்திலிருந்து பார்ப்பதற்கென்றே ஆரம்பம் முதல் செய்யப்பட்டது என்பதால் எழுத்தின் அளவு, அம்புக்குறி பொத்தான்களில் நகரும் விதம் எல்லாம் இன்றும் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. பிளெக்ஸ் என்ற இன்னொரு மீடியா மென்பொருள் கிளைத்தது இந்தக் குடும்பத்திலிருந்துதான். ஜெல்லிஃபின் வேறு வழி: எம்பி என்ற சர்வர் மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்த திறந்தமூலத் திட்டம்.

இந்த இரண்டில் எது நல்லது என்று கேட்பவர்கள் அதிகம். உண்மையில் இரண்டும் செய்யும் வேலை வேறு. கோடி ஒரு பிளேயர். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் அதை மாற்றாமல், கெடுக்காமல் திரைக்கு அனுப்பும். ஆனால் அடுத்த அறையில் இருக்கும் இன்னொரு கோடிக்கு இங்கே நீங்கள் எதைப் பாதியில் நிறுத்தினீர்கள் என்பது தெரியாது. எல்லா அறைக்கும் பொதுவாக மரியாடிபி என்ற டேட்டாபேஸ் ஒன்றை வைத்து இணைக்கலாம். அப்படிச் செய்தால் எல்லா அறைகளிலும் கோடியின் முக்கியப் பதிப்பு ஒன்றாகவே இருக்க வேண்டும், ஒன்றை மட்டும் மேம்படுத்தினால் மற்றது தனியாகிவிடும். ஜெல்லிஃபின் இந்தக் கணக்கையெல்லாம் சர்வரில் வைத்துக்கொள்கிறது. ஃபோனில் பாதி பார்த்ததை டிவியில் தொடரலாம், குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு கொடுக்கலாம். அதனால் கணக்கு வைக்க ஜெல்லிஃபின், படம் ஓட்ட கோடி என்று பிரித்துவிட்டேன். இரண்டையும் சேர்க்க 'ஜெல்லிஃபின் ஃபார் கோடி' என்ற ஆட்-ஆன் (கோடிக்குள் சேர்க்கும் துணை மென்பொருள்) இருக்கிறது. சர்வரில் இருப்பதை அப்படியே கோடியின் நூலகத்துக்குள் கொண்டுவந்துவிடும். டேட்டாபேஸ் இரட்டிப்பாக வேண்டாம் என்பவர்களுக்கு ஜெல்லிகான் என்ற இன்னொன்று, அது சர்வரை நேரடியாகக் காட்டும். நான் முதலாவதைத்தான் விரும்புகிறேன். மெனு உடனுக்குடன் நகரும்.

பெரிய திரையில் பார்க்கிறவர்கள் பலர் கண்டுகொள்ளாத ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்: ஃபிரேம் ரேட். சினிமா பெரும்பாலும் விநாடிக்கு 24 ஃபிரேம், டிஜிட்டல் கோப்புகளில் துல்லியமாகச் சொன்னால் பெரும்பாலும் 23.976. டிவிப் பெட்டிகள் வழக்கமாக அனுப்புவது 60 ஹெர்ட்ஸ். 24 என்பது 60-க்குள் முழுசாகப் போகாது. அதனால் ஒரு ஃபிரேம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று மாறி மாறிக் காட்டப்படும். பேசும் காட்சிகளில் ஒன்றும் தெரியாது. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும்போது பாருங்கள், காட்சி விட்டு விட்டு இழுக்கும். பலர் இதை நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து ரவுட்டரை மாற்றுகிறார்கள்! கோடியின் பிளேயர் அமைப்புகளில், திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டைப் படத்துக்கு ஏற்ப மாற்றும் வசதி இருக்கிறது. சாதாரணமாக அணைந்தே இருக்கும். அதை ஆன் செய்தால் படம் தொடங்கும்போது திரை ஓரிரு விநாடி கறுப்பாகும், அப்புறம் டிவி 24-க்கு மாறிக்கொள்ளும். அந்தக் கறுப்பு நேரத்தில் முதல் வசனம் தொலையாமலிருக்க, மாற்றம் முடியும்வரை படத்தை நிறுத்திவைக்கவும் அங்கேயே ஒரு தேர்வு உண்டு. தனியாக விற்கும் ஸ்ட்ரீமிங் பெட்டிகள் பலவற்றிலும் இந்த வசதி இருக்கிறது, ஆனால் எல்லா ஆப்பும் அதை மதிப்பதில்லை. என்னைக் கேட்டால், கோடியை இன்னும் வைத்திருக்க இந்த ஒன்றே போதும்.

கூடவே, ஃபிரேம்களுக்கு நடுவே டிவி தானாகப் புதிய ஃபிரேம்களைச் செருகும் 'மோஷன் ஸ்மூத்திங்' எந்தப் பெயரில் இருந்தாலும் அதை அணைத்துவிடுங்கள். சினிமா சீரியல் மாதிரி தெரிவதற்குக் காரணம் அதுதான். 2019-க்குப் பிறகு வந்த பல டிவிகளில் ஃபிலிம்மேக்கர் மோட் என்ற தேர்வு இருக்கிறது. அதைப் போட்டாலே இந்த மெருகேற்றல் வேலைகள் எல்லாம் நின்றுவிடும்.

நெட்வொர்க்கில் ஒரு விசித்திரம். "கேபிள் போடு, எல்லாம் சரியாகிவிடும்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் அறிவுரை. பல ஸ்மார்ட் டிவிகளில் இருக்கும் ஈதர்நெட் துளையின் வேகம் 100 மெகாபிட் மட்டுமே. 4கே புளூரே டிஸ்க்கின் உச்ச வேகம் அதையும் தாண்டிப் போகலாம். ஆக, டிஸ்க்கிலிருந்து அப்படியே எடுத்த கோப்பை டிவியின் ஆப்பிலேயே கேபிள் வழியாக ஓட்டினால், முக்கியமான சண்டைக்காட்சியில் சக்கரம் சுற்றும். அதே டிவியில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெரும்பாலும் தடங்கலில்லாமல் ஓடும். பை 4-ல் கிகாபிட் துளை என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஸ்ட்ரீமிங் சேவைகளுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. நெட்ஃபிளிக்ஸ் 4கே-வுக்குக் கேட்பதே 15 மெகாபிட்தான்.

ஒலியில், வீட்டில் வந்த ஒரே புகார்: வசனம் காதில் விழவில்லை, வெடிச்சத்தம் மட்டும் காதைக் கிழிக்கிறது. ஆறு தடங்கள் கொண்ட 5.1 ஒலியை இரண்டு ஸ்பீக்கருக்குள் சுருக்கும்போது வழக்கமாக வருவதுதான் இது. கோடியில் பாஸ்த்ரூவை (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே வெளியே அனுப்பும் வசதி) அணைத்து, படம் ஓடும்போது ஒலி அமைப்பில் இருக்கும் ஆம்ப்ளிஃபிகேஷனைக் கொஞ்சம் ஏற்றினால் தாழ்ந்த ஒலிகள் மேலே வரும், உரத்தவை அடங்கும். பெரிய ஒலி அமைப்பு வைத்திருப்பவர்கள் இதற்கு நேர்மாறாக, பாஸ்த்ரூவை விட்டுவைத்து, டிவியிலிருந்து ஸ்பீக்கர் பக்கம் ஒலியை அனுப்பும் எச்டிஎம்ஐ வழி சாதாரண ஏஆர்சியா, அதன் மேம்பட்ட வகையான இஏஆர்சியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இழப்பில்லாத ட்ரூஎச்டி ஒலி சாதாரண ஏஆர்சி வழியாகப் போகாது.

பெயரிடும் வேலை சலிப்பானது, ஆனால் தவிர்க்க முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஃபோல்டர், படத்தின் பெயர், பிராக்கெட்டில் வருடம். வருடம் இல்லாவிட்டால் அதே தலைப்பில் வந்த இன்னொரு படத்தின் போஸ்டர் வந்து உட்கார்ந்துகொள்ளும். தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில எழுத்தில் ஆளாளுக்கு ஒரு மாதிரி பெயர் எழுதுவதால் தேடல் அடிக்கடி தடுமாறும். அப்படிப்பட்டவற்றுக்கு ஃபோல்டர் பெயரிலேயே, டிஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் அந்தப் படத்துக்குள்ள எண்ணைச் சேர்த்துவிடுகிறேன், ஜெல்லிஃபின் மறுபேச்சின்றி அதை ஏற்கிறது. குடும்ப வீடியோக்களை மட்டும் தனி நூலகமாக, இணையத்தில் தேடாத வகையில் வையுங்கள். இல்லையென்றால் பிறந்தநாள் வீடியோவுக்கு ஏதோ ஒரு பேய்ப்படத்தின் கதைச்சுருக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

சப்டைட்டில் பற்றி இரண்டு வார்த்தை. தமிழ் சப்டைட்டில் கோப்பு யுடிஎஃப்-8 குறியீட்டில் இல்லாவிட்டால் திரையில் கேள்விக்குறிகளும் கட்டங்களும்தான் வரும். கோடியின் பழைய பதிப்புகளில் குறியீடு சரியாக இருந்தாலும் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். இப்போதைய பதிப்புகளில் ஒழுங்காக வருகிறது. டிஸ்க்கிலிருந்து வரும் சப்டைட்டில்கள் எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும். கோடிக்கு அது ஒன்றுமேயில்லை. ஆனால் அதைக் காட்டத் தெரியாத டிவி ஆப் அல்லது பிரவுசர் வழியாகப் பார்த்தால், சர்வர் அந்தப் படத்தை வீடியோவோடு கலந்து முழு வீடியோவையும் புதிதாக என்கோட் செய்ய வேண்டிவரும். சர்வர் திடீரென்று மூச்சு வாங்கினால் முதலில் சப்டைட்டிலைச் சந்தேகியுங்கள்.

சரி, ஸ்ட்ரீமிங் ஏன் தனிப் பெட்டியில்? காரணம் டிஆர்எம், அதாவது படத்தைத் திருட்டுப் பிரதி எடுக்காமல் தடுக்கும் பூட்டு. பெரும்பாலான சேவைகள் ஆண்ட்ராய்டு வகைச் சாதனங்களில் வைட்வைன் என்ற பூட்டைப் பயன்படுத்துகின்றன. அதில் எல்1, எல்3 என்று நிலைகள். எல்1 என்றால் திறப்பதும் படத்தை விரிப்பதும் சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பான பகுதியிலேயே நடக்கும். எல்3 என்றால் வெறும் மென்பொருள். எல்3 சாதனங்களுக்குப் பெரும்பாலான சேவைகள் தரத்தைக் குறைத்துத்தான் அனுப்பும். 2019-ல் வந்த கோடி 18 முதல் இந்தப் பூட்டைத் திறக்கும் வழி அதற்குள்ளேயே இருக்கிறது, ஆனால் ராஸ்பெர்ரி பையில் எல்3-க்கு மேல் கிடைக்காது. அதுவும் அந்த ஆட்-ஆன்கள் பெரும்பாலும் ஆர்வலர்கள் எழுதியவை. சேவை தன் உள்நுழைவு முறையை மாற்றினால் அன்று மாலை ஆட்-ஆன் படுத்துவிடும், யாராவது சரிசெய்யும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 4கே டிவி வாங்கி வைத்து, சந்தாவும் கட்டிவிட்டு, மங்கலான படத்தைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? வாங்குகிற பெட்டியில் எல்1 இருக்கிறதா, நீங்கள் பார்க்கும் சேவையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெட்டியின் மேல் '4கே' என்று அச்சடித்திருப்பது எதற்கும் உத்தரவாதமில்லை.

"எல்லாப் படமும் இலவசம்" என்று சொல்லி கோடி ஏற்றி விற்கப்படும் பெட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோடியோடு எந்தப் படமும் சேனலும் வருவதில்லை. அந்தப் பெட்டிகளில் இருப்பது வேறு யாரோ ஏற்றிய திருட்டு ஆட்-ஆன்கள். கோடி குழுவே அவற்றுக்கு உதவி செய்வதில்லை என்று வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. ஒரு திறந்தமூல மென்பொருளின் பெயரை இந்த அளவுக்குக் கெடுத்தது வேறெதுவும் இல்லை என்பது என் ஆதங்கம்.

ஸ்ட்ரீமிங் பெட்டியின் சுகத்தை மறுக்கவில்லை. பராமரிப்பே கிடையாது, புதியது எல்லாம் அங்கேதான். ஆனால் முகப்புத் திரை பார்ப்பவருடையது அல்ல. பாதி பார்த்த தொடரின் வரிசை ஒரு நாள் மேலே இருக்கும், மறுநாள் விளம்பரத்துக்குக் கீழே எங்கோ போயிருக்கும். உரிமம் முடிந்தால் படம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். குழந்தைகள் திரும்பத் திரும்பப் பார்க்கும் படம் ஒரு நாள் காணாமல் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதன் டிஸ்க்கை வாங்கி நூலகத்தில் சேர்த்த பிறகு அந்தப் பிரச்சினை இல்லை.

அப்டேட்டில் நான் நிதானம். 2021 பிப்ரவரியில் வந்த கோடி 19, ஆட்-ஆன்களைப் பைத்தான் நிரல்மொழியின் 2-ஆம் பதிப்பிலிருந்து 3-க்கு மாற்றச் சொன்னது. பராமரிக்க ஆளில்லாத ஆட்-ஆன்கள் அத்தோடு செத்தன. அப்போதிருந்து புதிய பெரிய பதிப்பு வந்தால், அதன் முதல் திருத்தம் வரும்வரை தொடுவதில்லை. தொடும் முன் லிப்ரெஎலெக்கின் பேக்கப்பை எடுத்து வேறு இடத்தில் வைக்கிறேன், ராஸ்பெர்ரி பையில் இருப்பது எஸ்டி கார்டு, என்றைக்கு வேண்டுமானாலும் கைவிடும். டிஸ்க் ஒன்று போனபோது படங்களைத் திரும்ப ஏற்றிக்கொள்ள முடிந்தது, நேரம்தான் செலவு. குடும்ப வீடியோக்கள் அன்றும் இன்றும் இரண்டு இடத்தில்.

ரிமோட் ஒன்றே போதும். எச்டிஎம்ஐ-யின் சிஇசி வசதியை டிவியில் ஆன் செய்தால் டிவி ரிமோட்டே கோடியை இயக்கும். சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று பெயர்தான் வேறு வேறு. தட்டச்சு செய்ய மட்டும் ஃபோனில் கோடியின் சொந்த ஆப்பான கோரே.

சந்தாச் சேவைகளை மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் தேவையில்லை, நல்ல பெட்டி ஒன்று போதும். சொந்த டிஸ்க்குகள், பழைய பதிவுகள், குடும்ப வீடியோக்கள் நிறைய வைத்திருப்பவர் ஜெல்லிஃபினோடு தொடங்கி, டிவியின் ஆப் போதவில்லை என்றால் பிறகு கோடிக்கு வரலாம்.

பை 4 எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் எனக்கிருக்கும் யோசனை. எச்இவிசி என்ற சுருக்கமுறையில் உள்ள 4கே-வைச் சளைக்காமல் ஓட்டுகிறது, ஒளி வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர்10-ம் சரியாக வருகிறது. எச்டிஆரின் இன்னொரு வகையான டால்பி விஷன் கிடையாது, ஏவி1 என்ற புதிய சுருக்கமுறைக்கான வன்பொருளும் கிடையாது. 2023-ல் வந்த பை 5-லும் ஏவி1 இல்லை, போதாக்குறைக்கு எச்.264 என்ற பழைய சுருக்கமுறையை விரிக்கும் வன்பொருளையும் எடுத்துவிட்டார்கள்; பிராசசர் வலுவாக இருப்பதால் அது ஓடிவிடுகிறது, ஆனாலும் மாறுவதற்கு அதில் எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. நூலகத்தில் ஏவி1 கோப்புகள் பெருகினால் டிவிக்குப் பின்னாலும் ஒரு மினி பிசியை வைக்க வேண்டியிருக்கும்.