லாஸ் ஏஞ்சல்ஸ் மெட்ரோ லைப்ரரி: பஸ், ட்ராம் பைத்தியங்கள் கண்டிப்பா பாக்கணும்

ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில முப்பது வருஷம் வண்டி ஓட்டினவர் ரிடையர் ஆகி வீட்டுக்குப் போனா அவர் தலைக்குள்ள இருக்குறதும் கூடவே போயிடும், அதைப் பிடிச்சு வைக்கணும்னு நினைக்கிற ஆபீஸ் ரொம்பக் கம்மி. அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில பஸ், ரயில் ஓட்டுற லாஸ் ஏஞ்சல்ஸ் மெட்ரோ, போக்குவரத்து விஷயங்களைச் சேத்து வைக்க ஒரு லைப்ரரியும் ஆர்க்கைவும் (பழைய ஆவணங்களைப் பாதுகாக்குற இடம்) வச்சிருக்காங்க, டோரதி பெய்ட்டன் கிரேங்கிற லைப்ரரியன் பேர்ல. யூனியன் ஸ்டேஷன்ங்கிற ரயில் நிலையத்தை ஒட்டியிருக்குற ஹெட் ஆபீஸ்லதான் இருக்கு, ஆனா நிறைய விஷயத்தை ஸ்கேன் பண்ணி ஆன்லைன்லயே ஃப்ரீயா போட்டுட்டாங்க.

பழைய போட்டோ, மேப், பிளான் ரிப்போர்ட் எல்லாம் இருக்கு, நல்லாவே இருக்கு. ஆனா எனக்கு உயிரு 'டூ பெல்ஸ்'தான். லாஸ் ஏஞ்சல்ஸ் ரயில்வேன்னு மஞ்சள் ட்ராம் ஓட்டின கம்பெனி 1920கள்ல தன் ஸ்டாஃபுக்காக நடத்தின பத்திரிகை. கண்டக்டர் ரெண்டு மணி அடிச்சா வண்டி கிளம்பலாம்னு அர்த்தம், நம்மூர் டபுள் விசில் மாதிரி. ஆக்சிடென்ட்டை எப்படித் தவிர்க்குறது, பயணிகள்கிட்ட எப்படிப் பேசுறது, டிப்போ செய்தி, நல்லா வேலை செஞ்சவங்களுக்கு வந்த பாராட்டுக் கடிதம்னு எல்லாம் அதுல இருக்கு. அந்த ஊர்ல பழைய ட்ராம் 1963லயே நின்னு போச்சு, ஆனா அதை ஓட்டினவங்க வேலையை எப்படிப் பாத்தாங்கன்னு இன்னைக்கும் படிச்சுத் தெரிஞ்சுக்கலாம், இது எவ்ளோ பெரிய விஷயம்!

என் கருத்து, பேப்பர் மட்டும் பத்தாது. ரிடையர் ஆகுறவங்க ஒவ்வொருத்தரையும் உக்கார வச்சு பேசச் சொல்லி ரெக்கார்ட் பண்ணணும், எந்தத் திருப்பத்துல மழைக்கு எப்படி பிரேக் போடணும்ங்கிறதெல்லாம் எந்த மேனுவல்லயும் வராது. நம்ம போக்குவரத்துக் கழகத்துல இருக்குறவங்க யாராவது இதைப் படிச்சா தயவுசெஞ்சு அந்த ஆர்க்கைவை ஒரு தடவை தொறந்து பாருங்க, 'டூ பெல்ஸ்'லேர்ந்து ஆரம்பிங்க.