பைபிள் ஸ்டடி லீடர்களுக்கான வியாழக்கிழமை கிளாஸ், பிரிக்பீல்ட்ஸ்: போகலாமா?

செல் குரூப் (வீட்ல கூடுற சின்ன பைபிள் ஸ்டடி) நடத்துறவங்களுக்குத்தான் இத எழுதுறேன், மத்தவங்களுக்கு இந்த கிளாஸ் போர் அடிக்கும். கேஎல் (கோலாலம்பூர்) பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு சர்ச் ஹால்ல வியாழக்கிழமை ராத்திரி நடக்குது. சண்டை வர்ற வசனங்கள வச்சு ஸ்டடி எப்படி நடத்துறதுன்னு ரிட்டையர் ஆன லுத்தரன் சபை ஐயர் (பாஸ்டர்) ஒருத்தர் சொல்லித் தர்றாரு. பீஸ் 80 வெள்ளி (ரிங்கிட்), நோட்ஸும் டீயும் வடையும் அதுலயே சேத்தி.

நம்ம ஊரு குரூப் எப்படி இருக்கும்னு தெரியுமே, ஒரே வீட்டு ஹால்ல மெதடிஸ்ட் ஆன்ட்டி, லுத்தரன் அங்கிள், ஏஜி (அசெம்பிளிஸ் ஆஃப் காட்) சபைலேர்ந்து வந்த ரெண்டு பசங்க, பிரதரன் சபைக் குடும்பம் ஒண்ணு. ருசி பாத்துட்டு விலகிப்போனவங்கள திரும்ப மனந்திரும்ப வைக்க முடியாதுங்கிற எபிரெயர் 6:4-6 வாசிச்சா போதும், இரட்சிக்கப்பட்டவன் விழுந்துபோக முடியுமா முடியாதான்னு ஆரம்பிச்சு அடுப்படில வச்ச பிரியாணி ஆறிப்போயிடும். ஐயர் இதத்தான் முதல் பாடமா வச்சிருக்காரு. போர்டுல மூணு விளக்கம் எழுதுறாரு: அவங்க முதல்லயே மெய்யான விசுவாசி இல்லங்கிறது கால்வின்ங்கிற சீர்திருத்தக்காரர் பக்கத்து ஆளுங்க சொல்றது, மெய்யான விசுவாசியும் விழலாங்கிறது மெதடிஸ்ட் சபைக்கு மூலமான வெஸ்லி பக்கம், விழாம பிடிச்சு வைக்கத்தான் இந்த எச்சரிக்கையேங்கிறது மூணாவது. அப்புறம் தான் வேலையே. உங்களுக்குப் பிடிக்காத விளக்கத்த உங்க கையில குடுத்து, அத நம்புறவங்க "ஆமா, நாங்க இதத்தான் சொல்றோம்"னு தலையாட்டுற அளவுக்கு பேசச் சொல்றாரு. என் பக்கத்துல இருந்த மெதடிஸ்ட் அக்கா கால்வின் பக்கம் பேசி முடிக்கிறதுக்குள்ள வேர்த்துப்போயிட்டாங்க, ஆனா எதிர்ல இருந்தவரு கைதட்டினாரு.

அதுக்கப்புறம் தான் 9-ம் வசனத்துக்கு கூட்டிட்டுப் போறாரு. அவ்வளவு கடுமையா எழுதின அதே ஆளு உடனே "பிரியமானவர்களே"ன்னு கூப்பிட்டு உங்க விஷயத்துல எங்களுக்கு நல்ல நம்பிக்கை இருக்குன்னு சொல்றாரு பாருங்க, அத விட்டுட்டு சண்டை போட்டா எப்படின்னு கேட்டாரு. 1618-19ல நெதர்லாந்துல டார்ட் சினட்ங்கிற பெரிய சபைக் கூட்டம் கூடி முடிவு பண்ணியும் சபைகளுக்குள்ள இன்னும் தீராத வழக்கு இது, உங்க வீட்ல எட்டு மணிக்கு ஆரம்பிச்சு ஒம்பதரைக்கு தீர்ப்பு சொல்லணும்னு யாரு உங்கள கேட்டாங்கன்னு சொன்னாரு, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. இன்னொண்ணும் சொன்னாரு, சத்தம் போடுறவங்கள விட்டுட்டு வாயே திறக்காம இருக்கறவங்கள கவனிங்க, சர்ச்ச விட்டுப் போன பிள்ளைய நெனச்சுகிட்டு இந்த வசனத்த கேக்குற அம்மா ஒருத்தங்க அங்க இருப்பாங்கன்னு. எங்க குரூப்ல நெஜமாவே இருக்காங்க.

விசுவாசத்தால நீதிமான்னு பவுல் சொல்ற ரோமர் 3:28, விசுவாசம் மட்டும் இல்ல, கிரியையாலயும்னு சொல்ற யாக்கோபு 2:24, இந்தப் பாடமும் நல்லா இருந்துச்சு. ரெண்டு பேருமே ஆதியாகமம் 15:6-அ எடுத்து, ஆபிரகாமையே சாட்சிக்கு கூப்பிடுறாங்கன்னு காட்டி, யாரு யாருக்கு என்ன பிரச்சனைக்கு எழுதினாங்கன்னு தேட விட்டாரு. லுத்தரன் சபைக்கு மூலமான லூத்தர் 1522ல யாக்கோபு நிருபத்த வைக்கோல்னு எழுதினத லுத்தரன் ஐயரே சிரிச்சுகிட்டு சொல்றது தனி அழகு. மாற்கு சுவிசேஷத்தோட கடைசிப் பகுதி 16:9-20 சைனாட்டிகஸ், வாட்டிகானஸ்னு 4-ம் நூற்றாண்டு கையெழுத்துப் பிரதி ரெண்டுலயும் இல்லங்கிறத குரூப்ல மறைக்காதீங்க, பசங்க யூடியூப்ல பாத்து கலங்குறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்கன்னாரு. சரியான பேச்சு.

இப்ப குறை. 1 தீமோத்தேயு 2:12, பொம்பளைங்க உபதேசம் பண்ணலாமாங்கிறது, அட்டவணைல இருந்துச்சு. அந்த வாரம் வந்தப்ப "நேரம் பத்தல"ன்னு தாண்டிட்டாங்க. ஹால்ல பாதிக்கு மேல பொம்பளை லீடர்ஸ், அவங்க குரூப்ல முதல்ல வர்ற கேள்வியே அதான். 1 கொரிந்தியர் 11:5ல பொம்பளைங்க ஜெபம் பண்றாங்க, தீர்க்கதரிசனம் சொல்றாங்க, அதே நிருபம் 14:34ல பேசக்கூடாதுங்குது, இத எப்படி சேர்த்து வாசிக்கிறதுன்னாவது ஒரு அரை மணி நேரம் குடுத்திருக்கலாம். மெதடிஸ்ட் சபைல பொம்பளை பாஸ்டர்ஸ் இருக்காங்க, வேற சபைகள்ல மேடை ஏறவே விட மாட்டாங்க, ரெண்டு பக்கமும் அங்க உக்காந்திருந்துச்சு, அத விட நல்ல சான்ஸ் எங்க கிடைக்கும்? மனஸ்தாபம் வரும்னு பயந்துட்டாங்கன்னு எனக்குத் தோணுது. சண்டை வர்ற வசனத்துக்குன்னே வச்ச கிளாஸ்ல இது ஒத்துக்க முடியாது லா.

நோட்ஸ் முழுக்க இங்கிலீஷ்ல, பேசுறது மட்டும் தமிழ்ல. எஸ்டேட்லேர்ந்து வந்த ரெண்டு அங்கிள் நோட்ஸ தொடவே இல்ல.

பதில் மட்டும் வேணும்னா போகாதீங்க, வீட்ல ஒரு கமெண்டரி வாங்கி வச்சுக்கலாம். குரூப்ப உடையாம நடத்தணும்னா 80 வெள்ளி தாராளமா குடுக்கலாம், பேர் குடுக்கும்போதே பொம்பளைங்க பாடம் உண்டா இல்லையான்னு நேரா கேட்டுடுங்க. கார் எடுத்துட்டுப் போகாதீங்க, கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன்ல இறங்கி நடந்துருங்க.