கூப்பிடாமல் வந்த இழுவை வண்டி: எனக்குப் போனது 4,380 வெள்ளி

இன்று காலைதான் 4,380 சிங்கப்பூர் வெள்ளியைக் கட்டி என் காரைப் பட்டறையிலிருந்து மீட்டு வந்தேன். இன்னும் கோபம் அடங்கவில்லை. இத்தனைக்கும் இடித்தது நானல்ல, எனக்குப் பின்னால் வந்தவர்.

மூன்று வாரத்துக்கு முன், தீவு விரைவுச்சாலையில் தோ பாயோ அருகே, தூறலில் ஒரு வேன் பின்னாலிருந்து இடித்தது. பம்பர் நெளிந்தது, ஒரு விளக்கு உடைந்தது. யாருக்கும் காயமில்லை, கார் ஓடும் நிலையில்தான் இருந்தது. வேன்காரரிடம் விவரம் வாங்கிக்கொண்டிருக்கும்போதே ஓர் இழுவை வண்டி வந்து நின்றது. நான் யாரையும் கூப்பிடவில்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

இறங்கியவர் தமிழில் பேசினார். "பதறாதீர்கள் அண்ணா, தப்பு அவர் பக்கம். நீங்கள் ஒரு காசு கட்ட வேண்டாம். உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கும் நாங்களே தெரிவித்துவிடுகிறோம்" என்றபடி தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். கூடப்பிறந்த தம்பிபோல் தெரிந்தார். பானெட்டின் மேல் விரித்த தாளில் கையெழுத்துப் போட்டேன். தாளின் கீழ்ப்பாதியை அவர் உள்ளங்கை மூடியிருந்தது, காற்றில் பறக்காமல் இருக்கவாம். எதிர்த்தரப்பு பணம் தர மறுத்தால் முழுச் செலவும் உரிமையாளருடையது என்ற வரி அந்தக் கைக்கு அடியில்தான் இருந்திருக்கிறது.

வேன்காரரின் காப்புறுதி நிறுவனம் மறுத்துவிட்டது. அவர்களுடைய மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பதற்கு முன்பே, இழுவை வண்டிக்காரர் காரைக் கொண்டுபோன பட்டறையில் பம்பரைக் கழற்றி மாற்றிவிட்டார்கள். அடிபடாத கதவுக்கும் வண்ணம் பூசிக் கணக்கில் ஏற்றியிருந்தார்கள். சரி, என் சொந்த நிறுவனத்திடம் போகலாம் என்றால், விபத்து பற்றி அவர்களுக்குத் தகவலே போகவில்லை. 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. நான் போய் நின்றது ஒன்பதாம் நாள். அங்கீகாரம் இல்லாத பட்டறை வேறு. இழப்பீடு எதுவும் கோராமல் ஐந்து ஆண்டுகள் சேர்த்த 50 விழுக்காட்டுக் காப்புறுதிக் கட்டணத் தள்ளுபடியும் இப்போது ஊசலாடுகிறது.

பட்டறைக்குத் தொலைபேசியில் அழைத்தால், "அவர் வெளியே போயிருக்கிறார்." மறுநாள், "வழக்கறிஞர் பார்த்துக்கொண்டிருக்கிறார்." அதற்கு அடுத்த நாள் எடுக்கவே இல்லை. நேரில் போனேன். அதே தம்பி, என்னை முன்பின் பார்த்திராதவர்போல், "4,380 வெள்ளி கட்டினால்தான் சாவி, சார்" என்றார். அண்ணா போய் சார் வந்துவிட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணைக் கைப்பேசியில் வைத்திருங்கள், முதல் அழைப்பு அங்கேதான் போக வேண்டும். அவர்கள் அனுப்பாத இழுவை வண்டியில் ஏற்றாதீர்கள். எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். சாலையோரத்தில் எதிலும் கையெழுத்து வேண்டாம், தமிழில் பேசினாலும்.

நான் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகப் போகிறேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. சாட்சிக்குப் பழைய பம்பரைக் கேட்டேன். தூக்கிப் போட்டுவிட்டார்களாம்.